அஞ்சு வருஷத்துக்கு அப்பால

என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கு ஒரு திமிர் உண்டு. இரண்டாயிரத்து இரண்டில் மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் நடத்தினேன். வருகிற வெள்ளைக்காரர்களே, 'நன்றாகப் பேசுகிறாய், சாருலதா' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தத் திமிர் ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடப் பார்த்தது.

ஜம்புலிங்கம் சதுரங்கப்பட்டினத்து மீனவர். ஒரு மத்தியானம் மகள் பரிமளாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்குப் பதினேழு வயது. தலையில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றியிருந்தாள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை முடிந்து இன்னும் நான்கு பாக்கி.

"இதுல கேட்டா எல்லாம் சொல்லுமாமே. எம் பொண்ணு நோவு சரியாவுமான்னு பாத்து சொல்லும்மா," என்றார்.

அவர் நீட்டிய ஆஸ்பத்திரி ஃபைலில் நோயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மூன்றே எழுத்து: என்.எச்.எல். அதையே அடித்தேன். மோடம் கத்தி ஓய்ந்து, பக்கம் ஆடி அசைந்து இறங்கினால், திரை முழுக்கத் தடித்தடியாக ஆட்கள் பனிக்கட்டியில் மட்டையோடு நிற்கிறார்கள். அமெரிக்காவில் ஏதோ ஹாக்கிப் போட்டியாம், அதற்கும் இதே மூன்றெழுத்துதான் பெயராம்.

"இன்னாக்கா, எனுக்கு ஹாக்கி நோவா?" என்று பரிமளா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நிமிடமே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கூடவே 'கேன்சர்' என்று சேர்த்து அடித்தபோது சரியான பக்கம் வந்தது. நிணநீர் முடிச்சுகளில் வருகிற புற்றுநோய். நடுவில் ஒரு வரி: ஐந்து வருட உயிர்வாழ்வு, எழுபது சதவீதம். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நூத்துக்கு எழுபது பேர் அஞ்சு வருஷம் இருப்பாங்களாம்," என்றேன்.

"அப்பால?" என்றார் ஜம்புலிங்கம்.

மேலும் கீழும் தேடினேன். "அதுக்கப்புறம் ஒண்ணும் போடலை."

பரிமளா முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இருவரும் எழுந்து போனார்கள். நானும் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஜம்புலிங்கம் தனியாக வந்தார்.

"ஊசி நாளு போயி ஆறு நாளாவுது. வரமாட்டேன்னு வூட்லயே குந்திகினு கீது. அஞ்சு வருசம் இருக்கறதுக்கு எதுக்கு நைனா வாந்தியும் மொட்டையும், இருக்கற வரிக்கும் சும்மா இருந்துட்டுப் போறேன்னுது. நான் இன்னா சொல்லட்டும்?"

தப்பு என் பக்கம் என்று தெரிந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "டாக்டரைக் கேக்க வேண்டியதுதானே?" என்று வள்ளென்று விழுந்தேன்.

"நோவப் பத்தி கேட்டா அவரு இங்கிலீசுல சொல்வாரு. நீதான் தமிழ்லயே சொல்ட்டியேம்மா."

குத்திக்காட்டவில்லை, நம்பித்தான் சொன்னார்.

அவர் போனதும் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதென்ன, நோய் நாள்காட்டி பார்த்தா ஆளைக் கொல்லும்? பக்கத்தின் அடியில், புற்றுநோய் வந்த இளவயதுக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் தளம் ஒன்றுக்கு வழி இருந்தது. வெட்கத்தை விட்டு அங்கே போய்க் கேட்டேன்: ஆறாவது வருடம் எல்லோரும் ஏன் செத்துப்போகிறார்கள்?

மறுநாள் கடை திறந்தபோது இங்கிலாந்திலிருந்து மார்கரெட் என்று ஒருத்தி பதில் போட்டிருந்தாள்.

'அப்படி யாரும் தேதி பார்த்துச் சாவதில்லை. ஐந்து வருடம் என்பது டாக்டர்கள் கணக்கெடுத்த காலம், அவ்வளவுதான். அதைத் தாண்டிய எங்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்புவதே இல்லை. எனக்குப் பதினாறு வயதில் வந்தது. பதினான்கு வருடம் ஆயிற்று. உன் கணக்குப்படி நான் செத்து ஒன்பது வருடம். ஆனால் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டதால் இத்தோடு முடிக்கிறேன். அந்தப் பெண்ணை உடனே மருந்துக்கு அனுப்பு.'

கடையில் ஆள் இருப்பதையும் மறந்து அழுதேன். அப்புறம் அதை அச்செடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு, சதுரங்கப்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன்.

பரிமளா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். "நான்தான் தப்பா சொல்லிட்டேன்," என்றும் சொன்னேன்.

"அந்த அக்காவுக்கு முடி வளந்துச்சா?"

"கேக்கலையே."

காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு வாரமா என்னிய தூங்கவுடாம பண்ட்டியே! நீயே வந்து டாக்டராண்ட சொல்லு, நான் ஏன் வரலன்னு."

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். டாக்டருக்குச் சின்ன வயதுதான், குரல்தான் பெரிது. பரிமளா வராத காரணத்தை ஜம்புலிங்கம் மென்று விழுங்கிச் சொன்னதும் கத்தினார்.

"எட்டு நாள் லேட்! அஞ்சு வருஷம்தான்னு இந்தப் பொண்ணுகிட்ட எவன் சொன்னது?"

ஜம்புலிங்கம் தரையைப் பார்த்தார்.

"எவனும் இல்லை சார், நான்தான். நெட்ல படிச்சேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகக் கரைந்துபோனேன். மார்கரெட்டின் கடிதத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்து ஃபைலின் மேலேயே தன் ஈமெயில் முகவரியை எழுதினார். "படிங்க, வேணாங்கலை. புரியலைன்னா அதை எனக்கு எழுதிக் கேளுங்க."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அன்றைக்கே மருந்து ஏற்றலாம் என்றார்கள். நர்ஸ் பாட்டிலை மாட்டும்போது பரிமளா டாக்டரைக் கூப்பிட்டாள்.

"சார், எத்தினி நாளிக்கு உங்களாண்ட வந்துகினே இருக்கணும்?"

"இதோட சேத்து நாலு ஊசி. அப்புறம் அஞ்சு வருஷம் செக்கப்புக்கு வரணும். அதுக்கு மேல நீ யாரோ, நான் யாரோ."

ஜம்புலிங்கம் திரும்பி நின்று தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பரிமளா ஊசிக்குக் கையை நீட்டினாள்.