ரெப்வாரின் பழைய கை

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஜனவரி மாதம் கார் கழுவுகிறவனுக்குக் கை என்று ஒன்று இருப்பது காலை ஒன்பது மணி வரைதான் தெரியும். அதற்குப் பிறகு சட்டைக்கை நுனியில் இரண்டு மரக்கரண்டிகள் தொங்கும். மூடிப்போன ஒரு பெட்ரோல் பங்கில் எங்கள் கடை. கூரை உண்டு, சுவர் கிடையாது. காற்று நாலு பக்கமும் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும்.

கையைச் சூடாக வைத்துக்கொள்ள ஆளுக்கொரு வைத்தியம். அல்பேனியாக்காரன் பெஸ்னிக் உள்ளே நூல் கையுறை, மேலே ரப்பர் கையுறை, மணிக்கட்டில் டேப் என்று ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி வருவான். கார்க் கூரையைத் தேய்க்கக் கையைத் தூக்கினால் தண்ணீர் அக்குள் வரை போகும். இறக்கினால் அதே தண்ணீர் டேப்பைத் தாண்டி விரலுக்கு வந்து குடியேறும். ருமேனியாவிலிருந்து வந்த டோய்னா அக்காவுக்குச் சுடுதண்ணீர் வாளி. அரைமணிக்கு ஒருமுறை கையை உள்ளே விட்டு, ஊசி குத்துகிற வலியில் எங்கள் எல்லோரையும் திட்டுவாள். முதலாளி ஜலால் அண்ணன் என்னைப் போலவே குர்து இனத்தவர். அவர் ஹீட்டர் பக்கத்தில் நின்றபடி அறைக் கதவை ஒரு விரற்கடை திறப்பார்.

"சுருக்கா தேய்ங்கடா! தேய்ச்சா தானா சூடாகும்!"

கதவு உடனே மூடிக்கொள்ளும். சூடு வெளியே போய்விடக் கூடாதல்லவா?

நான் எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லை. சக்கரம் கழுவுவது என் வேலை. அதில் அடிக்கிற ஆசிட் பிரேக் கரியோடு சேர்த்து என் விரல் தோலையும் ஐந்து குளிர்காலமாகக் கழுவி வந்தது. கையுறை வாங்கினால் இரண்டே நாளில் ஓட்டை. சரி, விரல் அழகாக இருந்து யாருக்குக் காட்டப்போகிறேன்? என் மனைவி ஷிலான் இராக்கில், எங்கள் ஊர் சுலைமானியாவில் இருந்தாள்.

அவளை அழைத்துக்கொள்ளத்தான் இங்கேயே தங்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தேன். கைரேகை கொடுக்க வரச் சொன்னார்கள். இருக்கிற ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மிஷின் கண்ணாடியில் விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. பத்து விரலுக்கும் சிவப்பு.

"விரலே இல்லைங்குது மிஷின்," என்றாள் அங்கிருந்த பெண்மணி. நல்லவள்தான், என் விரலைப் பார்த்து அவளுக்கே வலித்தது. "வழவழன்னு தேஞ்சுபோயிருக்கு. நடுவுல வேற வெடிப்பு. கையைக் கொஞ்சம் சூடா வெச்சுக்கக் கூடாதா சார்?"

"அதுக்குத்தாம்மா நாலு வருஷமா பாக்குறேன்."

இரண்டு வாரம் தவணை கொடுத்தாள். அதற்குள் ரேகை வராவிட்டால் மனு தள்ளுபடி. ஷிலான் அங்கே, நான் இங்கே, அவ்வளவுதான்.

கடையில் விஷயத்தைச் சொன்னேன். ஜலால் அண்ணன் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.

"இன்னிலேருந்து நீ தண்ணியத் தொடக் கூடாது. ஹீட்டர்கிட்ட உக்காரு."

"அப்ப சக்கரம் யாருண்ணே கழுவுவா?"

"நான்தான். வேற யாரு?" என்றபடி ரப்பர் பூட்ஸை மாட்டினார். அறையை விட்டு அவர் வெளியே வந்து வேலை செய்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பத்தே நிமிஷத்தில் அவர் உதடு நீலமானது. "சுருக்கா தேய்ங்கண்ணே, தானா சூடாகும்," என்றான் பெஸ்னிக். அண்ணன் துணியை அவன் மேல் எறிந்தார்.

டோய்னா அக்கா தன் ஊரிலிருந்து ஒரு டப்பா வரவழைத்தாள். பால் கறக்கும்போது பசுவின் மடியில் தடவுகிற களிம்பு. அவர்கள் ஊரில் மனுஷக் கைக்கும் அதுதான் மருந்தாம். தினம் மூன்று வேளை என் பத்து விரலுக்கும் அப்பி, மேலே வெள்ளை நூல் கையுறை மாட்டிவிடுவாள்.

"கைய நீட்டுடா மாடே," என்பாள்.

சாண்ட்விச்சைக்கூட பெஸ்னிக்தான் பிரித்துக் கொடுத்தான். "இந்தா மாப்ளே, வாயையாவது நீயே தொறக்குறியா?"

வெள்ளைக் கையுறையும் ஹீட்டரும் பொல்லாதவை. வந்தவர்கள் என்னை முதலாளி என்று நினைத்து, தரையில் குந்தியிருந்த ஜலால் அண்ணனைப் பற்றி என்னிடமே புகார் சொன்னார்கள். நாலாம் நாள் நானே கதவை ஒரு விரற்கடை திறந்து, "அந்தப் பின் சக்கரத்துல கரி அப்படியே இருக்கே," என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அண்ணன் ஹோஸை மெதுவாக என் பக்கம் திருப்பினார். கதவை மூடிவிட்டேன்.

வைத்தியம் பலித்தது. இரண்டு வாரத்தில் தோல் குழந்தையின் தோல் மாதிரி வந்துவிட்டது. ரேகைகள் எண்ணிப் பார்க்கலாம் போல இருந்தன. மூன்று பேரும் தங்கள் வெடித்த கையால் என் கையைக் குலுக்கி அனுப்பினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்து விரலுக்கும் பச்சை விளக்கு. அந்தப் பெண்மணி கைதட்டிவிட்டாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள். முகம் மாறியது.

"சார், இது நீங்க இல்லைங்குது."

"நான்தாம்மா!"

"எனக்குத் தெரியுது, அதுக்குத் தெரியலையே. மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு பிப்ரவரியில ரேகை கொடுத்திருக்கீங்க. அதுல ஒவ்வொரு விரல்லயும் குறுக்கால கோடு கோடா இருக்கு. இதுல ஒண்ணுமே காணோம்."

அது என் இரண்டாவது குளிர்காலம். அன்றைக்கு இருந்த வெடிப்பையெல்லாம் ரேகை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முழுசாகக் கெட்ட கையைப் பார்த்து மிஷின் ஆளே இல்லை என்றது. முழுசாக நல்ல கையைப் பார்த்து வேறு ஆள் என்றது. அரைகுறையாகக் கெட்டிருந்தால்தான் நான் ரெப்வார்.

"கடைசியா ஒரு வாரம் தரேன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன பண்ணணும்னு நான் சொல்லக் கூடாது சார்," என்றாள்.

திரும்பி வந்து களிம்பு டப்பாவை மூடினேன். கையுறையைக் கழற்றி எறிந்தேன். டோய்னா அக்கா தன் சுடுதண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வேண்டாங்க்கா. பச்சைத் தண்ணிதான்."

"பைத்தியமா உனக்கு?"

விளக்கிச் சொன்னேன். அவள் வாளியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் என் கையைக் கெடுப்பதுதான் கடையின் முக்கிய வேலை. வெறுங்கையால் சக்கரம், வெறுங்கையால் ஆசிட், காய்வதற்குக் காற்று. அளவு தவறினால் மிஷின் மறுபடி விரலே இல்லை என்று சொல்லிவிடும். மணிக்கொருமுறை ஜலால் அண்ணன் மூக்குக் கண்ணாடியோடு வந்து பார்ப்பார்.

"ரெண்டாம் வருஷம் இவ்வளவு இல்லையே?"

"கட்டைவிரல்ல இதவிட ஜாஸ்திண்ணே," என்பான் பெஸ்னிக். "எனக்கு ஞாபகமிருக்கு, சாய்வா ஒரு கோடு போகும்."

ஐந்தாம் நாள் அந்தச் சாய்வுக் கோட்டிலேயே தோல் பிளந்து ரத்தம் வந்தது. மூவரும் ஓடிவந்தார்கள். பெஸ்னிக் என்னைக் கட்டிக்கொண்டான். "வெடிச்சிருச்சு! வெடிச்சிருச்சு!" என்று அண்ணன் கத்தியதில் வரிசையில் நின்ற கார்க்காரர்கள் டயரைப் பார்த்துக்கொண்டார்கள். டோய்னா அக்கா மட்டும் தள்ளி நின்று அழுதாள்.

ஏழாம் நாள் பச்சை விளக்கும் வந்தது, ஆளும் பொருந்தியது. "வாங்க மிஸ்டர் ரெப்வார்," என்றாள் அந்தப் பெண்மணி. அடுத்த மாதம் அனுமதி அட்டையும் வந்தது.

தெருவிலேயே நின்று ஷிலானை வீடியோவில் கூப்பிட்டு அட்டையைக் காமிராவுக்கு நேராகப் பிடித்தேன். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கி, அதைப் பிடித்திருந்த விரல்களையே பார்த்தாள்.

"இது யார் கைங்க?"

"என் கைதான்."

"பொய் சொல்லாதீங்க. உங்க கை எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா என் கைதான் ஷிலான். கம்ப்யூட்டரே ஒத்துக்கிச்சு."