வெடிப்பின் மேல் ஒட்டிய படம்

மண்சரிவு அபாயம் பார்க்க வந்த அதிகாரி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் ஓடிய வெடிப்பின் மேல் ஒரு தாளை ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார். தாள் கிழிந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். உடனே அறிவிக்க வேண்டும்.

அங்கே குடியிருந்த பிரவீனன் கையில் அகப்பட்டதை ஒட்டினான். அது அவன் அக்கா சுதர்சினி, தான் படிப்பிக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்காகப் பதுளையில் அச்சடித்து வந்த படம். விண்வெளித் தொலைநோக்கி எடுத்தது. செம்மண் நிறத் தூசு மேகத்துக்குள் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருந்தன.

"புள்ளைங்களுக்குக் காட்ட வச்சிருந்தேன்டா."

"அம்புட்டுத் தூரத்துல இருக்கிறத வருசக்கணக்கா பார்க்கிறாங்க. நம்ம மலையப் பார்க்க ஒரு தரம் ஒரு ஆளு வந்தாரு. இதால யாருக்கு என்னா பிரயோசனம்?"

"பார்க்க நல்லா இருக்குல்ல? அது போதாதா?"

அன்றிலிருந்து பிரவீனன் தினமும் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் பிளேன்டீ குடித்தான்.

மழை தொடங்கிய ஐந்தாம் நாள் காலையில் படம் நடுவே கிழிந்திருந்தது.

சுதர்சினி அதிகாரிக்குப் போன் செய்தாள். பாதையில் மண் விழுந்து கிடக்கிறது, திறந்ததும் வருகிறோம், அதுவரை பள்ளிக்கூடத்துக்குப் போய் இருங்கள் என்றார். பள்ளிக்கூடம் இதே சரிவில், லயத்துக்கும் மேலே இருந்தது. அவள் அதைச் சொன்னாள். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"படத்துக்குப் பிரயோசனம் வந்திருச்சுக்கா," என்றான் பிரவீனன்.

சுதர்சினி கிழிசலில் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் சுவருக்குள்ளே போனது.