இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

கரடியூர் பெண்கள் குழுவுக்கு இணையதளம் செய்து கொடுத்தவன் யுவராஜ். செய்து கொடுத்தான் என்பது ஊர் சொல்வது. கல்லூரி நண்பன் ஒருவன் செய்து வைத்திருந்ததை அப்படியே எடுத்து, பெயரை மாற்றி, காப்பிப் பழப் படம் நாலு ஒட்டினான், அவ்வளவுதான். அது எப்படி ஓடுகிறது என்று அவனுக்கே தெரியாது. ஆனாலும் ஓடியது. குழுவின் காப்பித்தூளும் மிளகும் அதன் வழியாகத்தான் சென்னைக்கும் கோவைக்கும் போயின. நாகலூர் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த பையனுக்குக் கரடியூரில் நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலி அவனுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

தளத்தை வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து ஒருநாள் மெயில் வந்தது. உங்கள் தளத்தை ஓட்டும் பி.எச்.பி. மென்பொருள் பழையது, புதியதற்கு மாறுங்கள், மாறாவிட்டால் மாதாமாதம் தனிக் கட்டணம். யுவராஜ் அதை இரண்டு முறை படித்தான். மாற்றப் போய்த் தளம் படுத்துவிட்டால் எழுப்பத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"மாத்துனா தளமே நின்னாலும் நின்னு போயிருமுங்க. மாத்தலீன்னா கட்டணம் கட்டோணும்" என்று குழுத் தலைவி முத்தாயியிடம் இழுத்தான்.

இப்படி இரண்டுங்கெட்டானாக ஒரு விஷயம் வந்தால் முத்தாயி மாரியம்மனிடம் பூக் கேட்பாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொட்டலம் மடிப்பவர் மட்டும் எந்தப் பக்கமும் சாயாத ஆளாக இருக்க வேண்டும்.

"நீயே மடி கண்ணு. உனக்கு இங்க காடுமில்ல, பங்குமில்ல" என்றாள்.

கோயிலுக்குப் பின்னால் போய் மடித்தான். இரண்டிலும் சிவப்பு. சாமியையே ஏமாற்றத் துணிச்சல் வந்த பிள்ளைக்கு ஒரு பட்டனைத் தட்டத்தான் துணிச்சல் வரவில்லை. முத்தாயி கண்ணை இறுக மூடி, உதடு முணுமுணுக்க ஒன்றை எடுத்துப் பிரித்தாள். மற்றதை அவன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஆத்தா வேண்டாங்கறா. கட்டணத்தையே கட்டிரலாம்" என்று முத்தாயி சொல்ல, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவனும் போட்டுக்கொண்டான், வெட்கங்கெட்டவன்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து முத்தாயி இறங்குவதைப் பார்த்தான். தலையில் மூட்டை. கூரியரில் போட வேண்டிய காப்பித்தூள். எப்போதும் ஆட்டோவில் வருவது.

"ஏனுங்க, ஆட்டோ வரலீங்களா?"

"ஆட்டோவுக்குக் குடுக்கறதைத்தான் உங்க கம்பெனிக்குக் கட்டறமே கண்ணு. ஆத்தா சொன்னதாச்சே, போகட்டும்."

மூட்டையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். "நீ படிச்ச கையி, போ சாமி" என்று சிரித்துக்கொண்டே நடந்தாள். யுவராஜுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலமே டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வீடியோ ஒன்றைப் பார்த்துத் தளத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்தான். புதிய பதிப்பைத் தேர்ந்தெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான். தளம் ஓடியது, முன்பைவிட வேகமாகவே ஓடியது. டீ இன்னும் ஆறவில்லை. இதற்காகவா அந்தப் பொம்பளை மூட்டை சுமந்தாள் என்று நினைத்தவன் டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்துவிட்டான்.

மறுநாள் லேப்டாப்போடு குழு அறைக்குப் போனான். நாற்காலி போட்டார்கள். மாற்றியாயிற்று, இனிக் கட்டணம் இல்லை என்று சொன்னான். பூவைப் பற்றி மூச்சு விடவில்லை. சிரிப்பார்கள் என்று பார்த்தான். முத்தாயியின் முகம் இருண்டுவிட்டது.

"ஆத்தா வேண்டாம்னதையா பண்ணிப்போட்ட?"

மிளகு நிறுத்துக்கொண்டிருந்த சசிகலா தராசை விட்டு எழுந்து வந்தாள். "பழையபடியே வெச்சுருங்க தம்பி."

"வெச்சா மறுபடியும் கட்டணமுங்க."

"கட்டிக்கறோம். சாமி குத்தம் வேண்டாம்."

முத்தாயி அதற்குள் ஒரு மஞ்சள் துணியை எடுத்து, சுருக்குப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை வைத்து முடியத் தொடங்கியிருந்தாள். "பையன் தெரியாமப் பண்ணிட்டான் ஆத்தா. குத்தத்தை எம்மேல போட்டுக்க."

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தான்.

"காசை முடியாதீங்கம்மா. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தானுங்க வெச்சேன். வெள்ளையே வெக்கலீங்க. எனக்கு மாத்தத் தெரியலீங்க. தெரியலைன்னு சொல்ல நொம்ப வெக்கமா இருந்துச்சுங்க."

முத்தாயி அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினான். அன்று கோயிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏமாந்து நின்றவளின் வெட்கம்தான் இருந்தது. பிறகு பல்லால் முடிச்சை அவிழ்த்து, காசை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள். துணியை மட்டும் லேப்டாப் மேல் வைத்தாள்.

"தெரியாமப் பண்ணுனவனுக்குத்தான் நான் முடிஞ்சேன். தெரிஞ்சு பண்ணுனதுக்கு உங்காசை நீதான் முடியோணும்."

யுவராஜ் பைகளைத் துழாவினான். எங்கே போனாலும் போனிலேயே பணம் கொடுத்துப் பழகியவன். ஒற்றை ரூபாய் இல்லை. யாரிடமாவது கேட்கலாம் என்று நிமிர்ந்தான். சசிகலா அவன் எழுந்த நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தராசுக்குத் திரும்பிப் போனாள்.