நனையாத செருப்பு

கண்மாயில் மூக்கு குத்திக் கிடந்த டிராக்டரின் பின்சக்கரங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வருசா வருசம் வயலுக்குப் போகிற தடம், முழங்கால் தண்ணீர்தானே என்று நம்பித்தான் குணசேகரன் இறக்கினார். திடீரென்று முன்பக்கம் தரையே இல்லை. நீந்தித்தான் கரையேறினார்.

பங்காளி மகன் ரகுநாத் தன் மண் லாரியோடு வந்து சேர்ந்தான்.

"அக்கரையிலேர்ந்து இழுத்துராதீங்க. முன்னாடி ரெண்டு ஆள் ஆழம், செங்குத்தா இருக்கு. பின்னாடி சரிவுதான். கொக்கியில கட்டி, வந்த வழியே மெதுவா இழுத்தா ஏறிரும். கம்பிக் கயிறு அறுந்தா ஆளை வெட்டிரும், எல்லாரும் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க."

அவன் சொன்னபடியே நடந்தது. லாரி முதல் கியரில் முனகிக்கொண்டு நகர, டிராக்டர் சேறு வழியக் கரையேறியது. மெக்கானிக் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்றும் சொன்னான். கூடி நின்றவர்கள் அவன் சாமர்த்தியத்தை வாய் ஓயாமல் மெச்சினார்கள்.

குணசேகரன் அவன் காலைப் பார்த்தார். செருப்புகூட நனையவில்லை.

"தண்ணியில எறங்காமலே ஆழம் எப்பிடிப்பா தெரிஞ்சுச்சு?"

மெச்சியவர்கள் லாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். கோடையில் ராவோடு ராவாகக் கண்மாயைத் தோண்டி மண் அள்ளிப் போன லாரி எது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ரகுநாத் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னான்.

"ஒங்க புது வீட்டு அஸ்திவாரத்துக்கு மண்ணு அடிச்சேனே சித்தப்பா, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"