இடது பக்கம் இழுத்த மாலை

பாசிமாலை மறுபடியும் திரும்பி வந்தது. கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் அதைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்து கடையின் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"போட்டா கோணிக்கிட்டுப் போவுது. பிள்ள அழுவுகா. நாளைக் கழிச்சுக் கல்யாணம், கேட்டியளா."

ரசலையன் அவருக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினார். தக்கலையில் அவருடைய கைவேலைக் கடைக்கு முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் வகுப்பு. அங்கே ராஜபாய் பாசிமணி கோக்கச் சொல்லிக்கொடுத்தாள். பகவதியம்மாள் கம்பி வளைத்துத் தோடு செய்யச் சொல்லிக்கொடுத்தாள். ரசலையன் மாலையைக் கொண்டுவந்து ராஜபாயின் முன்னால் போட்டார்.

"டீச்சரம்மா, இனி ஒருக்கா இது திரும்பி வந்தா பாசி வகுப்ப நிறுத்திருவேன். கம்பி வேல போதும்."

ராஜபாய் மாலையைப் பாயில் விரித்தாள். மூன்று சரம். சிவப்புப் பாசி, இடையிடையே பொன்முலாம் பூசிய குண்டு. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. சரங்களுக்கிடையில் ஒரு விரல் இடைவெளி. ஒழுங்காகத்தான் கிடந்தது. பாயில் எல்லா மாலையும் ஒழுங்காகத்தான் கிடக்கும்.

முன்பு இந்தத் தொல்லை இல்லை. கடைசி முடிச்சுக்கு முன் அவள் மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்வாள். கண்ணை மூடிக்கொண்டு திரும்புவாள், குனிவாள், நிமிர்வாள். எங்கே இழுக்கிறது, எங்கே ஏறுகிறது என்று கழுத்து சொல்லிவிடும். வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

சென்ற ஆண்டு அவள் கணவன் ஜான்ரோஸ் புதிய ஜெப சபை ஒன்றில் சேர்ந்தான். அங்கே பெண்கள் நகை போடுவதில்லை. ராஜபாய் கல்யாணச் சங்கிலியைக் கழற்றினாள். இந்த வேலையையும் விடச் சொன்னார்கள். அவள் சபை நடுவில் எழுந்து நின்று சொன்னாள்: மற்றவர்களுக்குச் செய்வேன், என் கழுத்தில் ஏறாது. சொன்னது சொன்னதுதான். கடையில் ஆளில்லாத நேரத்தில்கூட அவள் போட்டுப் பார்த்ததில்லை.

மாலையைப் பகவதியம்மாளின் கழுத்தில் போட்டாள்.

"எங்கயாவது இழுக்கா?"

"எங்க இழுக்க? எனக்குக் கழுத்து இருந்தால்லா இழுக்கும்."

அது உண்மை. பகவதியம்மாளின் தாடைக்கும் தோளுக்கும் இடையில் அதிக இடமில்லை. மாலை அங்கே அசையாமல் படுத்துக்கொண்டது.

வகுப்பில் நீளக் கழுத்துக்காரி லீமா. அவளைக் கூப்பிட்டாள். மாலை கழுத்தில் விழுந்ததும் லீமா கண்ணாடியைத் தேடினாள்.

"கண்ணாடிய விடு பிள்ளே. கண்ண மூடு. எந்தப் பக்கம் கனம்?"

"நல்லாருக்கு டீச்சர்."

"நல்லாருக்கான்னு நான் கேக்கல்ல. கனம் எங்கன்னு கேட்டேன்."

"ரெண்டு பக்கமும் நல்லாருக்கு டீச்சர்."

மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தோளை நிமிர்த்தினாள். ஒருத்தி தலையைச் சாய்த்தாள். மாலை எந்தப் பக்கம் கோணியதோ அந்தப் பக்கம் தாங்களும் கோணி அழகாக நின்றார்கள்.

"ஏட்டி, சும்மா நில்லுங்கட்டி!"

சும்மா நிற்க ஒருத்திக்கும் தெரியவில்லை. ராஜபாய் மாலையைப் பிடுங்கி மூலையிலிருந்த தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் மாட்டினாள். குடத்துக்கு அது அளவெடுத்ததுபோல் இருந்தது.

"நாளைக் கழிச்சு இதையே மணவறையில வச்சிரலாம்" என்றாள் பகவதியம்மாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ராஜபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியைத் தரையில் எறிந்தாள். பிறகு அவளே தேடி எடுத்தாள்.

பிள்ளைகள் போன பிறகு ஜான்ரோஸ் வந்தான். மரக்கடையில் வேலை. தலையெல்லாம் அறுப்புத்தூள்.

"வீட்டுக்கு வரல்லியா?"

"வரல்ல." விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"நாளைக்கு யாரு கழுத்துல பாப்பேன்? ஒங்களுக்காவத்தான் என் கழுத்து சும்மா கெடக்கு. இப்ப வேலையும் போவப் போவுது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"முக்காலில இருங்க."

ஜான்ரோஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "பிள்ளே, நான் ஆம்பிள."

"ஆம்பிளைக்குக் கழுத்து கெடையாதா?"

பகவதியம்மாள் கம்பியின்மேல் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சபையில…"

"சபையில வாக்குக் குடுத்தது நான். என் கழுத்துக்கு. ஒங்க கழுத்தப் பத்தி அங்க யாரும் கேக்கல்ல."

அவன் முன்கடை வழியாகத் தெரிந்த தெருவைப் பார்த்தான். அதற்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்தான். அவள் மாலையைப் போட்டாள்.

"சீ, என்ன எளவு இது. இடது பக்கம் இழுக்கு."

ராஜபாயின் கை நின்றது. "எங்க?"

"தோள்ல. நடுச்சரம். திரும்பினா நெஞ்செலும்புல ஏறி இருக்கு. வலது பக்கம் ஒண்ணும் தெரியல்ல. கழட்டு."

"குனியுங்க."

"குனிஞ்சா இன்னும் மோசம். கழட்டுட்டி."

பகல் முழுக்க அவள் கேட்ட கேள்விக்கு இதுதான் முதல் பதில். அழகாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இல்லை. கழற்றினால் போதும் என்றிருந்தான். அதனால் ஒவ்வொரு பாசியும் அவனை உறுத்தியது.

அவள் நடுச்சரத்தின் இடது பக்கத்தைப் பாசி பாசியாக விரலில் உருட்டினாள். பாதியில் பழைய பொட்டலம் தீர்ந்ததும் புதியதைப் பிரித்தது நினைவு வந்தது. நிறம் ஒன்று, பருமன் ஒன்று. துளை மட்டும் சிறியது. துளை சிறுத்தால் பாசியில் கண்ணாடி கூடும், கனமும் கூடும். அவள் இரண்டு பக்கமும் எண்ணிக் கோத்தாள். எண்ணிக்கை சரி, எடை சரியில்லை. கழுத்தில் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

நூலை அறுத்துப் பாசியை முறத்தில் கொட்டிக் கலந்தாள். பகவதியம்மாளும் ஒரு ஊசி எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கோத்து முடிக்கும்போது கடையில் விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

"இன்னொருக்கா இருங்க."

"மறுபடியுமா?"

மாலை ஏறியது. அப்போது சைக்கிள் மணி கேட்டது. சபையில் ஜெபம் நடத்தும் ஏசுஅடிமை வாசலில் காலூன்றி நின்றார்.

"ஸ்தோத்திரம் பிரத…"

ஜான்ரோஸின் கை மாலைக்குப் போயிற்று.

"அசையாதீங்க" என்றாள் ராஜபாய். கடைசி முடிச்சு இன்னும் போடவில்லை. நூல் நுனிகள் அவள் விரலில் இருந்தன. விட்டால் எல்லாம் தரையில்.

அவன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். பிறகு சைக்கிள் நகர்ந்தது.

"பாத்திட்டாரு" என்றான்.

"இழுக்கா?"

"ராஜபாயி, அவரு பாத்திட்டாரு."

"இழுக்கான்னு கேட்டேன்."

அவன் கண்ணை மூடினான். திரும்பினான். குனிந்து நிமிர்ந்தான்.

"இல்ல. இப்ப ஒண்ணுபோல இருக்கு."

அவள் முடிச்சுப் போட்டாள். ரசலையன் வந்து பார்த்தார். "ஓய், நாளைக்கும் வாரும். ஒரு சோடித் தோடு கெடக்கு" என்றார். ஜான்ரோஸ் அவரைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவன் முன்னால் நடந்தான். பாதி தூரத்தில் நின்றான்.

"ஞாயித்துக்கெழம கேப்பாவ. என்ன சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க. இடது பக்கம் இழுத்துதுன்னு சொல்லுங்க."

"இனி நான் முக்காலில இருக்க மாட்டேன், பாத்துக்க."

"தெரியும்."

மாலை பிறகு திரும்பி வரவில்லை. பாசி வகுப்பு நின்றுபோகவில்லை. அடுத்த வாரம் புதுக்கடை ஊரிலிருந்து ஐந்து சர மாலைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராஜபாய் கோத்துப் பாயில் விரித்தாள். ஒழுங்காகக் கிடந்தது. காலியாகக் கிடந்த முக்காலியைப் பார்த்தாள்.

லீமா எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு டீச்சர்."