சுவருக்கு அந்தப் பக்கம்

மும்பை செம்பூரில் தன் வீட்டுப் படுக்கையறை மூலையில் ஒரு மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மைக்கை அதன்மேல் வைத்து ஆடியோ புத்தகங்கள் வாசிப்பது வந்தனாவுக்கு இரண்டு வருடத் தொழில். வாசித்ததைக் காட்கோபரில் இருக்கும் ராஹிலுக்கு அனுப்பிவிடுவாள். இரைச்சலைக் களைவது அவன் வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அவன் போன் செய்தான். காலையில் அனுப்பிய அத்தியாயத்தில் யாரோ தட்டுகிறார்கள், மறுபடி வாசித்துத் தர முடியுமா என்று ஹிந்தியில் கேட்டான். எதிரே புதுக் கட்டிடம் எழும்புகிறது, ஆறு மாதமாகச் சுத்தியல்தான், அதுவாக இருக்கும் என்றாள் வந்தனா. வாசிக்கும்போது தன் காதில் எதுவும் விழவில்லை என்றும் அடித்துச் சொன்னாள்.

ராஹில் சிரித்தான். பழகின சத்தத்தைக் காது தள்ளிவிடும், மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் என்றான். கட்டிடச் சத்தத்தை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, இது வேறு, ரொம்பக் கிட்டத்தில் கேட்கிறது என்று சொல்லி, அந்தத் துண்டை மட்டும் சத்தம் கூட்டி அனுப்பினான்.

வந்தனா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் குரலுக்கு அடியில் டக், டக், டக். சற்று இடைவெளி. மறுபடி மூன்று. பிறகு அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், நூல் போல ஒரு குரல். இரண்டாம் தடவை போட்டுக் கேட்டபோதுதான் அது தன் பெயர் என்று தெரிந்தது.

மேஜையை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அம்மிணி மாமியின் குளியலறை. ரயில்வேயில் ரிடையராகி மாமி தனியாக இருந்தாள். பதிவு செய்தது பதினோரு மணிக்கு. இப்போது நாலேகால்.

மாமி வீட்டுச் சாவி ஒன்று வந்தனாவிடம் இருந்தது. ஓடிப் போய்த் திறந்தாள். சமையல் மேடையில் நறுக்கிய வெண்டைக்காய் வாடிக் கிடந்தது. குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டாள். பதில் இல்லை. வாட்ச்மேன் ஷாகிர் வந்து தோளால் இரண்டு முறை மோதியதும் தாழ்ப்பாள் பிய்ந்தது.

மாமி தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். இடது கால் கோணியிருந்தது. கையில் விளிம்பு நசுங்கிய பித்தளைச் சொம்பு. கண்கள் மட்டும் மெல்லத் திறந்தன.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். வந்தனா ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தி, மாமியின் கையைப் பிடித்தபடி ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். மாமி மெல்லப் பேசினாள்.

"நீ வாசிச்சதெல்லாம் நேக்கு நன்னாக் கேட்டுதுடி. தட்டினேன். கூப்பிட்டேன். நீ நிறுத்தலை."

அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. அதைத்தான் வந்தனாவால் தாங்க முடியவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மறுநாள் காலை ஆபரேஷன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, வந்தனா அந்தப் பதிவை முதலிலிருந்து கேட்டாள். ஓரிடத்தில் தன் வயிறு லேசாகக் கடமுட என்றதற்காக நிறுத்தி, அந்தப் பத்தி முழுவதையும் திரும்ப வாசித்திருந்தாள். அந்தச் சத்தம் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் சுவர் தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெகுநேரம் தன் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வாரம் மாமி வாக்கரோடு வீடு திரும்பினாள். பார்க்கப் போன வந்தனா வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"உள்ள வா" என்றாள் மாமி. "அன்னிக்கு நீ வாசிச்ச கதையில அந்தப் பொண்ணு அகப்பட்டுண்டாளா இல்லியா? நடுவுல நேக்கு நினைவு தப்பிடுத்து."

வந்தனா புத்தகத்தை எடுத்துவரப் போனாள்.