அரைப் படத்தில் விழுந்த பந்து

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவுக்குள் எபனேசர் எந்தப் பக்கமாக நுழைந்தாலும் பாத்திரக்கடைக்குள்ளிருந்து "ஏலே அவுட்டு" என்று ஒரு குரல் வந்துவிடும். இருபத்தைந்து வருடமாக வருகிறது. குரலுக்குச் சொந்தக்காரர் கடை முதலாளி சேக் முகைதீன். குடம் வாங்க நிற்கும் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எபனேசர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்.

பெயர் வந்த கதை இரண்டு ஊருக்கும் தெரியும். ராஜபாளையத்தில் நடந்த வாலிபால் இறுதி ஆட்டம். ஆளுக்கு இரண்டு செட் எடுத்து, ஐந்தாவது செட்டில் பதினாலுக்குப் பதிமூன்று என்று ராஜபாளையம் முன்னால் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் அணியில் ஆடிய சேக் முகைதீன் எம்பி ஓர் அடி அடித்தார். தரையில் ஆணி அடித்துக் கட்டியிருந்த வெள்ளை நாடாதான் கோடு. பந்து அதையொட்டி விழுந்தது. அங்கே கொடியோடு காவல் நின்றவர் எபனேசர். கொடி மேலே போனது. பந்து வெளியே என்று ஆகி, ஆட்டம் முடிந்து, கோப்பை ராஜபாளையத்திலேயே தங்கிவிட்டது. கொடி பிடித்தவரும் ராஜபாளையத்துக்காரராகப் போனதால் பேச்சு மட்டும் தங்கவில்லை. பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டது.

யாருக்கும் தெரியாத ஒன்றும் உண்டு. பந்து தரையைத் தொட்ட நேரத்தில் எபனேசர் கண்ணில் தூசி விழுந்திருந்தது. அவர் பார்க்கவே இல்லை. வெளியேதான் போயிருக்கும் என்ற ஊகத்தில் தூக்கிய கொடி அது. இதை அவர் சர்ச்சில் முழங்கால் போட்டுச் சொல்லியிருக்கிறார், பாத்திரக்கடையில் சொன்னதில்லை.

இப்போது எபனேசருக்கு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு சின்னக் கடை. பழைய வீடியோ கேசட்டை டிஸ்க்காக மாற்றித் தருவது தொழில். அந்தக் கடைக்குத்தான் ஒரு திங்கட்கிழமை சேக் முகைதீன் கைக்குட்டையில் பொதிந்த கேசட்டோடு வந்தார். தங்கை ரமீஜாவின் நிக்காஹ் கேசட். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்தாம் வருடம்; தங்கையும் மச்சானும் விருந்துக்கு வருகிறார்கள், போட்டுக் காட்ட வேண்டும்.

"எங்க வீட்டு டிவி பழைய பெட்டி. பென்டிரைவ் சொருக ஓட்டை கிடையாது. டிஸ்க்காத்தான் வேணும். இதுலயாச்சும் ஒழுங்காப் பார்த்துச் செய்யி, அவுட்டு."

எபனேசர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்தான். முதலில் கேசட்டை ஓடவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் பிடிப்பார். ஒன்றே முக்கால் மணி நேரக் கேசட் என்றால் ஒன்றே முக்கால் மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வார். அடுத்து, பிடித்ததை டிஸ்க் ஏற்கும் வகைக்கு மாற்றுவார். எழுதி முடித்த டிஸ்க்கைக் கடையில் ஒரு முறை, வாடிக்கையாளர் வீட்டு டிவியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கைமாற்றுவார். கேசட் முடிந்து நீலத்திரை வரும்வரை எழுந்திருக்க மாட்டார்.

அந்த வழக்கம்தான் அவரை மாட்டிவிட்டது. ஒரு மணி நாற்பத்திரண்டாம் நிமிடத்தில் மணப்பெண் ஏறிய அம்பாசடர் கார் தெருமுனை திரும்பியது. கொஞ்சம் பொரிப் பொரியாகப் புள்ளிகள். பிறகு திரையில் ஒரு வலை தெரிந்தது.

எபனேசர் கையிலிருந்த பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு ஆட்டத்தை டெம்போ வேன் மேல் ஏறி நின்று படம் எடுத்தவர் சமுத்திரம். கல்யாணத்துக்கும் அவர்தான் வீடியோ. எடுத்த கேசட்டையே ரமீஜா வீட்டில் கொடுத்துவிட்டு அந்த வாரமே துபாய்க்கு விமானம் ஏறியவர், மிச்ச நாடாவில் ஆட்டத்தையும் எடுத்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் எங்கெங்கோ தேடிய சாட்சி, ரமீஜாவின் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறது. கார் முனை திரும்பியதும் கேசட்டை நிறுத்திவிடுகிற வீட்டில் யாரும் அதற்கு மேல் ஓட்டிப் பார்த்ததில்லை.

கேசட்டில் உள்ள ஒவ்வொரு படமும் உண்மையில் இரண்டு அரைப் படங்கள். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், மற்றதில் இரட்டைப்படை வரிகள். நொடிக்கு ஐம்பது அரைகள் இப்படி மாறி மாறி வரும். எபனேசர் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பார்த்தார். ஓர் அரையில் பந்து தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. எவன் பார்த்தாலும் வெளியே போகிற பந்து என்றுதான் சொல்வான். அடுத்த அரையில் பந்து சப்பென்று அமுங்கி, வெள்ளை நாடாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த அரையில் எகிறி வெளியே போய்விட்டது. கோட்டைத் தொட்டால் உள்ளே. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் பந்து உள்ளேதான் இருந்திருக்கிறது.

வழி இல்லாமலும் இல்லை. மாற்றும்போது இரண்டாவது அரையைத் தள்ளிவிடச் சொல்லி ஒரே ஒரு டிக் போட்டால் போதும். பல கடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். கம்ப்யூட்டரில் பார்க்கும்போது அசைகிறவற்றின் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கீறல் தெரியாது, படம் பளிச்சென்று இருக்கும். பந்து அமுங்கிய அந்த அரையும் கூடவே போய்விடும். எபனேசர் டிக்கைப் போட்டு, நிக்காஹ் பகுதியில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது ரமீஜாவின் வாப்பா சொம்பை உதறி உதறிப் பன்னீர் தெளிக்கிறார். திரையில் பாதிப் பன்னீரைக் காணோம். கை வீசுகிறது, துளி விழவில்லை.

தன் கொடியைக் காப்பாற்ற அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பன்னீரில் கை வைப்பதா என்று எபனேசருக்கு வெட்கமாகிவிட்டது. டிக்கை எடுத்தார். இரண்டு அரைகளையும் வரிசை பிசகாமல் வைத்து, முதலிலிருந்து கடைசி வரை மாற்றினார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு டிஸ்க்கோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார். சேக் முகைதீன் வீடு கடைக்கு மேலேயே. அவர் மனைவி சௌதா சுக்குக் காபி கொடுத்துவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். பன்னீர் ஒரு துளி குறையாமல் விழுந்தது. தன்னுடைய இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய இடுப்பைப் பார்த்துச் சௌதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கார் முனை திரும்பியது. வலை வந்தது.

சேக் முகைதீன் எழுந்து நின்றுவிட்டார். அடி விழுந்த இடத்தில் எபனேசரே ரிமோட்டை அமுக்கி நிறுத்தினார். பழைய பெட்டி இரண்டு அரைகளையும் மாற்றி மாற்றிக் காட்டியது. பந்து ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

"இது என்னங்க, ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது. உள்ளங்குது, வெளியங்குது" என்றார் சௌதா.

இதையே சாக்காக வைத்துக்கொண்டு எபனேசர் எழுந்து வந்திருக்கலாம். அவர் சுக்குக் காபியைக் கீழே வைத்தார்.

"வெளிய காட்டுறது மேல இருக்கும்போது எடுத்தது. தரையில பட்டது நாடாவுலதான். உள்ளதான் சேக்கு. நான் பார்க்கவே இல்ல. கண்ணுல தூசி. சும்மா தூக்குன கொடி அது."

ஒரு சத்தத்துக்கு எபனேசர் தயாராகத்தான் இருந்தார். சேக் முகைதீனோ மெல்ல உட்கார்ந்து, தாடியை இரண்டு தடவை நீவிவிட்டு, டிவியைப் பார்த்தபடியே பேசினார்.

"கொஞ்சம் பின்னால போ. நான் அடிக்கிற இடத்துக்கு. பந்தை விடு, வலையப் பாரு."

எபனேசர் பின்னால் போய், மெதுவாக ஓடவிட்டார். சேக் முகைதீன் எம்புகிறார், அடிக்கிறார், இறங்குகிறார். இறங்குகிற முழங்கையில் வலை சிக்கி, ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. நடுவர், ஆட்டக்காரர்கள், வேடிக்கை பார்த்த கூட்டம், ஏன், நாலு நாளாகக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த எபனேசர் வரை எல்லாருடைய கண்ணும் பந்தோடு போயிருக்கிறது.

"எனக்கு அன்னைக்கே தெரியும். வலையத் தொட்டா நெட்டு. பந்து உள்ள விழுந்திருந்தாலும் பாயிண்டு கெடையாது" என்றார் சேக் முகைதீன். "அம்புட்டுப் பேரும் ஒன்னய ஏசுனானுவ. நானும் பேசாம அந்தச் சத்தத்துல ஒளிஞ்சிக்கிட்டேன்."

சௌதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆக மொத்தம், கோப்பை போக வேண்டிய ஊருக்குத்தான் போயிருக்கு. அதுக்கு இருவத்தஞ்சு வருசம் இந்தத் தெருவே காது கொடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுக்களையிலிருந்து அவர் சிரிப்பு வந்தபோது இவர்களுக்கும் அடக்க முடியவில்லை.

வாசல்வரை வந்த சேக் முகைதீன் குரலைத் தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்டக்காரர்களும் விருந்துக்கு வருவதாகச் சொன்னார். அந்த வலை ஆடுகிற இடத்தை மட்டும் கொஞ்சம் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். பன்னீர் குறைந்துவிடும் என்றார் எபனேசர். விளக்கம் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தெருவில் இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் மாடியிலிருந்து பழக்கதோஷத்தில் குரல் வந்தது.

"ஏலே அவுட்டு, நாளைக்குப் பிரியாணிக்கு வந்துரு."

எபனேசர் கும்பிடு போடவில்லை. திரும்பி நின்று, குடம் வாங்க வந்த பெண்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வாரேன், நெட்டு."